உளைக்காரம்மா

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கேட்டுத்தான் வருவார்கள். மாடு மேய்க்க வழி வேண்டும், சுள்ளி பொறுக்க அனுமதி வேண்டும், பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்தைக் காட்டுக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். கேட்பதற்கென்றே திறந்து வைத்திருந்த அலுவலகம் அது. அங்கே எதையும் கேட்காமல் வந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். கேட்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கொடுக்க வந்தார். அதனால் எங்களுக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் அலுவலகம். பக்கத்துச் சுவரில் லேத்து பட்டறை. அவர்கள் இரும்பைக் கடையும்போது எங்கள் அதிகாரி பேசுவதை நிறுத்திவிட்டு, கடைந்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அரசாங்கம் ஒரு காட்டைக் காப்புக்காடாக ஆக்க நினைத்தால் நினைத்த மறுநாளே ஆக்கிவிட முடியாது. இன்ன எல்லைக்குள் காப்புக்காடு வரப்போகிறது என்று ஊர் ஊராகத் தண்டோரா போட வேண்டும். அந்த எல்லைக்குள் உரிமை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். கெடுவுக்குள் வந்து சொல்லாத உரிமை அத்தோடு போச்சு. சொன்னதை விசாரித்து முடிவு செய்ய ஓர் அதிகாரி. அந்த அதிகாரி சொல்வதைக் குறிப்பெடுத்துத் தட்டச்சு செய்ய நான். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து லாட்ஜ் அறையில் தங்கியிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஊரெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் காட்டுக்கும் நாட்டுக்கும் எல்லை தட்டிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு ஒரு எரிச்சல் எப்போதும் உண்டு. எரிச்சலைக் காட்ட ஆள் இல்லாததால் தட்டச்சு இயந்திரத்தின் மேல் காட்டுவேன்.

மூன்றாவது ஆள் பியூன். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வருகிறவர்களைச் சமாதானப்படுத்தத் தெரிந்தவர். அவர் இல்லாவிட்டால் அந்த அலுவலகம் ஒரு நாள்கூட நடந்திருக்காது. அதை அவரும் அடிக்கடி சொல்வார்.

அந்த அம்மா முதல்முறை வந்தபோது வாசல் நிலைக்கு வெளியிலேயே நின்றார். ஐம்பது வயது இருக்கும். நெடுநெடுவென்று உயரம். கையில் தண்ணீர் நிரப்பிய அலுமினியத் தூக்கு. அதிகாரி உள்ளே கூப்பிட்டு, என்னம்மா, நிலத்தை விலக்கணுமா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வேண்டாம் சாமி. சேத்துக்குங்க. என் உளை பாதிதான் கோட்டுக்குள்ள வருதாம். மீதியும் சேத்துக்குங்க."

உளை என்றால் சேறு. சாதாரணச் சேறு இல்லை. மேலே கோரையையும் புல்லையும் விரித்து வைத்துவிட்டு, நம்பிக் கால் வைத்தவனை உள்ளே இழுக்கும் சேறு. பாடப் புத்தகத்தில் சதுப்பு நிலம் என்று போட்டிருப்பார்கள். உத்தனப்பள்ளியிலிருந்து மேற்கே மண் பாதையில் போனால் வரும் ஒரு சிற்றூரின் ஓரத்தில், காடு தொடங்கும் பள்ளத்தில் அந்த உளை இருந்தது. அவர் புருஷன் வழியில் வந்த பட்டா நிலம். அதனால் ஊரில் அவருக்கு உளைக்காரம்மா என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட ஆள் இல்லாத பெயரை நான் மட்டும் எதற்கு இங்கே எழுத வேண்டும்?

சேர்த்துக்கொள் என்று ஒருவர் சொன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். சட்டத்தில் அப்படி இல்லை. உரிமை இருக்கிறது என்று கோருகிறவரிடம்தான், அந்த உரிமையை விட்டுத் தருகிறீர்களா என்று அதிகாரி கேட்க முடியும். கோராதவரிடம் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே அவர் முதலில் இந்த நிலம் என்னுடையது, எனக்கு வேண்டும் என்று மனுக் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணை. அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். அதிகாரி இதைப் பொறுமையாக விளக்கினார். லேத்து பட்டறை இரண்டு தடவை குறுக்கிட்டது.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேண்டாம் என்பதற்கு எதற்கு வேண்டும் என்று எழுத வேண்டும் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் எழுதாமல் வழியில்லை என்றதும் வெகுநேரம் யோசித்து, பாயிடம் மை டப்பாவை வாங்கிப் பெருவிரலை வைத்தார். வைத்துவிட்டு, தப்புச் செய்தவர் மாதிரி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு அவருக்கு டீ சொன்னேன். வேண்டாம் என்றார். நாற்காலி வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே வந்து உட்காரச் சொன்னால் அதுவும் வேண்டாம். தூக்கிலிருந்த தன் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, உத்தனப்பள்ளி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். டீயைப் பாய் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே கதை. நான் டீ சொல்வேன், அவர் வேண்டாம் என்பார், பாய் குடிப்பார். ஒரு கட்டத்தில் அவர் வருகிற நாள் என்றால் நான் சொல்வதற்கு முன்பே பாய் கடைக்கு ஆள் அனுப்பிவிடுவார். கேட்டால், "அவங்க வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி நம்ம கடமைய செஞ்சிடணும் சார்" என்பார்.

எதையும் வாங்காத அந்தக் குணம் எனக்கு முதலில் திமிராகத்தான் பட்டது. அலுவலகத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்களையே பார்த்துப் பழகியவன் நான். இவர் நடுங்கவில்லை. கெஞ்சவில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்த பெஞ்சின் ஓரத்தில் நின்று, "சாப்ட்டியா நைனா?" என்று மட்டும், தெலுங்கு வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, தவறாமல் கேட்பார். அந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் இல்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொல்வேன். அவருக்குத் தெரிந்துவிடும்.

நிலத்தை எதற்காகக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் எங்களுக்கு ஒரேயடியாகச் சொல்லவில்லை. வாய்தா வாய்தாவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பிள்ளை இல்லை. புருஷன் போய்விட்டார். உளையைச் சுற்றியிருந்த மேட்டு நிலமெல்லாம் கொழுந்தனார் வீட்டுடையது. அந்த வீட்டு மூத்த மகன், ஓசூரில் புதிது புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்குச் செங்கல் அனுப்புகிறவன். உளை மண் செங்கல்லுக்கு ரொம்ப உசத்தியாம். சுற்றித் தைலமரம் நட்டுவிட்டால் ஈரத்தை அது குடித்துவிடும். பிறகு இறங்கி மண் எடுக்கலாம். மேட்டில் ஏற்கெனவே நட்டுவிட்டான். உளையின் மேல் கோடியில் கோரை பழுத்துப் போயிருந்தது.

நீங்கள் விற்காமல் இருந்தால் போதாதா, எதற்கு அரசாங்கத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு நாள் நானே கேட்டேன்.

"நான் இருக்கற வரைக்கும் பயமில்ல நைனா. நான் போனா அவனுக்குத்தானே வரும்? வேற யாருக்குன்னா எழுதி வெக்கலாம்னா, யாரு இருக்கா எனக்கு?"

இதை அவர் அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். நான் தாளைச் சரிசெய்கிறவன் மாதிரி இயந்திரத்தின் மேல் குனிந்துகொண்டேன். இந்தப் பெரிய உலகத்தில் ஒரு சேற்றுப் பள்ளத்தை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் கிடைக்காமல், முகம் தெரியாத அரசாங்கத்தைத் தேடி பஸ் ஏறி வந்திருக்கிறார் ஒருவர்.

இடத்தைப் பார்வையிட ஜீப்பில் போனோம். மண் பாதை முடிந்த இடத்தில் அவர் நீண்ட மூங்கில் கழியோடு காத்திருந்தார். நான் கால் வைக்கிற இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அதிகாரி வைத்தார். நான் ஒரு தும்பியைப் பார்த்துக்கொண்டு ஓரடி தள்ளி வைத்துவிட்டேன். முழங்கால் வரை இறங்கிவிட்டது. காலை இழுத்து எடுத்தார்கள், செருப்பு வரவில்லை. போனால் போகட்டும், உளைக்கும் ஏதாவது கிடைக்கட்டுமே என்றார் அந்த அம்மா. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்றும் கண்ணை மூடினால் அந்த இடம் தெரிகிறது. ஓசூரில் லேத்துச் சத்தமும் புகையும் கேட்டுப் பார்த்துப் பழகியவனுக்கு அங்கே காது அடைத்த மாதிரி இருந்தது. கரையில் நீர்மத்தி மரங்கள், புங்கம், நாவல். கோரைக்கு நடுவில் தாழம்புதர். வசம்பு வாசனை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு மூலையில் தண்ணீர் ஊறி, குண்டு மணல் மேல் தெளிந்து நின்றது. அவர் தூக்கில் கொண்டுவருவது அந்தத் தண்ணீர்தான். பஞ்ச காலத்தில் கீழே இருக்கும் ஊர் முழுக்கக் குடத்தோடு அங்கேதான் வருமாம். அவர் புருஷன் கரையில் பலகை போட்டு வைத்து, யாரையும் வேண்டாம் என்று சொல்லாமல் விடிந்ததிலிருந்து மொண்டு ஊற்றுவாராம்.

நாவல் மரத்தடியில் சின்ன மேடு ஒன்று. தலைமாட்டில் விளக்கு வைக்கக் கல்மாடம். அந்தப் பக்கத்தில் செத்தவர்களைச் சொந்த நிலத்தில் புதைப்பது உண்டு. அதிகாரி கேட்பதற்கு முன்பே, "அவருதான். ஈரமா இருக்கற எடம் அவருக்குப் புடிக்கும்" என்றார். அமாவாசைக்கு அமாவாசை விளக்கு வைப்பதாகச் சொன்னார். அந்த மேடு, உளை முழுவதையும் சேர்த்து நாங்கள் போடப்போகிற கோட்டுக்கு உள்ளே வந்தது. அதிகாரி அதைக் கவனித்தார். என்னைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அவர் வீடு உளைக்கு மேற்பக்கம், கோட்டுக்கு வெளியே, தனியாக நின்றது. எங்களுக்கு அவித்த வேர்க்கடலையும் மோரும் கொடுத்தார். கொடுக்கத்தான் அவருக்குத் தெரியுமே. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மூக்கணாங்கயிறு இல்லாத ஒரு வெள்ளைக் காளை வாசலுக்கு வந்து, உரிமையோடு மூங்கில் படலை முட்டியது. அவர் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். கடலைத் தோலைக்கூட அதற்குப் போடவில்லை. அது கொஞ்ச நேரம் நின்று கத்திவிட்டுப் போனது. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கூட வந்த ஊர்க்காரர்தான் விவரம் சொன்னார். புருஷன் நோயில் கிடந்தபோது, கன்றாக இருந்த அதை கங்கம்மா கோயிலுக்கு விட்டுவிட்டார்களாம். கோயிலுக்கு விட்டதை விட்டவர்கள் கட்டக்கூடாது, தொடக்கூடாது, தீனி வைத்துத் தன் வாசலுக்குப் பழக்கக்கூடாது. ஊரில் வேறு யாரும் கொடுக்கலாம். விட்டவர்கள் மட்டும் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம். பிறந்த வாசல் என்று அது வந்துவிடுகிறது, இந்த அம்மா உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார் என்றார் அவர். நான் மறுபடி படலைப் பார்த்தேன். அந்த அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பது இடுக்கில் தெரிந்தது.

அடுத்த வாய்தாவில் கொழுந்தனார் மகன் வக்கீலோடு வந்துவிட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பா சாவுக்கு எல்லாக் காரியமும் செய்தவன் அவன்தான். "மண்ணு தள்ளினவன் நான் சார். எனக்கில்லாம கவர்மெண்டுக்கா?" என்று அதிகாரியிடம் கேட்டபோது அவன் குரல் உடைந்தது. மண்ணாசை பாதி, மனவருத்தம் பாதி. இரண்டும் கலந்துவிட்டால் மனிதனை எதிலும் சேர்க்க முடியாது.

வக்கீலுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. இந்த அம்மாளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, அதனால் இவர் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்கள்: காட்டோரத்தில் தனியாக இருக்கிறார், ஆனை வருகிற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் படுத்துக்கொள்கிறார், மரத்தடியில் உட்கார்ந்து செத்தவரோடு பேசுகிறார், நாலாபக்கமும் நிலத்துக்கு விலை ஏறுகிற காலத்தில் சும்மா கொடுக்கிறேன் என்கிறார். புத்தியுள்ளவர் எவராவது இப்படிச் செய்வாரா?

லேத்து பட்டறை அன்றைக்கு ஓய்ந்திருந்தது. அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்து, பதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றார்.

"பைத்தியக்காரின்னே வெச்சிக்குங்க சாமி. பைத்தியக்காரி கையில நெலம் இருந்தா ஆபத்து இல்லீங்களா? அதான் வாங்கிக்குங்கன்னு சொல்றேன்."

அதிகாரி குனிந்து தாளைப் புரட்டினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பாய் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். வக்கீலுக்கே உதடு துடித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான்: அந்த அம்மாவும் கொழுந்தனார் மகனும். வெளியே போகும்போது அவன் பக்கம் திரும்பி அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பாயைக் கேட்டேன். வெயிலில் வந்திருக்கிறாய், மோர் கொண்டுவந்திருக்கிறேன், குடித்துவிட்டுப் போ என்றாராம். அவன் குடிக்காமல் போய்விட்டான். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே வேண்டாம் என்று சொல்ல வரும் போலிருக்கிறது.

கடைசி வாய்தா. விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை நான் தட்டி வைத்திருந்தேன். நஷ்டஈடு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். கையெழுத்துக்கு முன்னால் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒன்று சொன்னார். காப்புக்காடு என்று அறிவித்துவிட்டால் யாரும் உள்ளே போகக்கூடாது; நீங்களும்தான். ஆனால் வழி உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஊற்று வரைக்கும், நாவல் மரம் வரைக்கும் நடந்துபோக உங்களுக்கு வழி உண்டு என்று நான் எழுத முடியும். நீங்கள் கேட்டால் போதும். ஒரு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு அந்த அதிகாரியை அதுவரை பெரிதாகப் பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்தது. கேட்கிறவர்களிடம் இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கேளுங்கள் என்று ஒருவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா தலையை அசைத்தார். வேண்டாம்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சுருக்கெழுத்தன் வாய் திறக்கக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. தண்ணீருக்கு எங்கே போவீர்கள், அமாவாசைக்கு விளக்கு யார் வைப்பார்கள், கெடு முடிந்தால் பிறகு நீங்களே வந்து அழுதாலும் கிடைக்காது என்று என்னென்னவோ கத்தினேன். அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"விட்டதுல எப்படி நைனா வழி கேக்கறது? எனக்குன்னு ஒரு தடம் போட்டா, அதுல மாடு வரும். மாட்டுக்குப் பின்னால வண்டி வரும். வண்டி வந்தா அவன் வருவான். நானே வாசலத் தொறந்து வெச்ச மாதிரி ஆயிடும்."

எனக்கு அந்த வெள்ளைக் காளை நினைவு வந்தது. கதவிடுக்கில் நின்ற முகமும் நினைவு வந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். வழி உரிமை கோரப்படவில்லை என்று சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அந்த வரியைத் தட்டும்போது விரல் நோகத் தட்டினேன்.

பெருவிரல் வைத்தாயிற்று. இந்தத் தடவை அவர் விரலை முந்தானையில் துடைக்கவில்லை. வெளியே வந்து, எப்போதும் நிற்கிற பெஞ்சின் ஓரத்தில் முதல்முறையாக உட்கார்ந்தார். "இப்ப குடு நைனா அந்த டீய" என்றார். காரியம் இருக்கும்போது அந்த இடத்தில் கை நனைக்கக்கூடாது என்று வைத்திருந்தாராம். இப்போது கேட்கவும் ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை. பாய் ஏற்கெனவே பாதி கிளாஸைக் குடித்திருந்தார். ஓடிப்போய்ப் புதிதாக வாங்கிவந்தார். அந்த அம்மா மெதுவாக ஊதி ஊதிக் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்றார். அவர் போன பிறகு, "இனிமே எனக்கு ஓசி டீ கெடையாது சார்" என்று பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் வாசலில் நின்று, வெகுநேரம் பஸ் நிலையத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதி அறிவிப்பு வர ஆண்டுகள் ஆயின. அதற்குள் எனக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தது, கல்யாணம் ஆனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வேலையாக உத்தனப்பள்ளி வந்தவன், மனசு கேட்காமல் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மண் பாதையில் போனேன்.

கோட்டில் எல்லைக் கற்குவியல்கள் வெள்ளையடித்து வரிசையாக நின்றன. உள்ளே மரங்கள் அடர்ந்து, உளை எது கரை எது என்று தெரியாமல் பச்சையாகக் கிடந்தது. மேல் கோடியில் கோரை மறுபடி தழைத்திருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு அவர் வந்துகொண்டிருந்தார். உடல் இளைத்துவிட்டது. தண்ணீர் எங்கிருந்து என்றேன். ஊர் அடிபம்பிலிருந்து. கை எட்டுகிற தூரத்தில் ஊற்றை வைத்துக்கொண்டு, ஊர் வரைக்கும் நடந்துபோய்த் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். நான் குடத்தை வாங்கப் போனேன். வேண்டாம் என்றார். அது ஒன்றுதான் மாறவில்லை.

அந்தப் பகுதி வனக் காவலர் நல்ல பையன். அவரும் வந்து சேர்ந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார்: "நானே சொல்லிட்டேன் சார், உள்ள போய் வெளக்கு வெச்சிட்டு வாங்க, நான் பாக்கல, கேக்கலன்னு. போகமாட்டேங்கறாங்க. அமாவாசைக்கு இந்தக் கல்லு மேல வெச்சிட்டு நிக்கறாங்க. எனக்குத்தான் சார் பாக்க முடியல." கற்குவியலின் மேல்கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருந்தது. அரசாங்கத்தின் எல்லைக்கல் அது. அதில் எண்ணெய் ஊற்றுவதுகூடச் சட்டப்படி குற்றமாக இருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

கிளம்பும்போது, தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் நாவல் மரம் இருக்கும் திசையைப் பார்த்தார். அங்கிருந்து மரத்தின் உச்சிதான் தெரியும், அடி தெரியாது.

"கஷ்டமாத்தான் இருக்குது நைனா. அவரு கிட்ட பேசணும்னா கொஞ்சம் சத்தமா பேச வேண்டியிருக்குது."

அவ்வளவுதான் சொன்னார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அவர் இறந்த செய்தியைப் பாய்தான் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்ச் செய்தியெல்லாம் அவரிடம் வந்து சேர்ந்துவிடும். காரியமெல்லாம் முடிந்திருந்தது. இந்தத் தடவையும் மண் தள்ளியது கொழுந்தனார் மகன்தானாம். அவன் பெரியம்மாவைப் பெரியப்பா பக்கத்தில் வைக்க வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறான். காப்புக்காட்டுக்குள் புதைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அந்தச் சட்டத்தை உள்ளே கொண்டுவந்ததே அந்த அம்மாதானே. ஆகவே கோட்டுக்கு வெளியே, அவர் விளக்கு வைக்கிற கற்குவியலை ஒட்டி, தன் தைலமரத்தில் நாலைந்தை வெட்டி இடம் பண்ணிப் புதைத்தானாம்.

மழைக்காலம் முடிந்து நானும் பாயும் போனோம். பாய் ஊரிலேயே ஒரு கிளாஸில் டீ வாங்கி, சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி, சிந்தாமல் கையில் பிடித்துக்கொண்டே பாதி வழி வந்தார். அப்புறம் சங்கடப்பட்டு அவரே குடித்துவிட்டார். கொழுந்தனார் மகன் எதிரில் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்துப் பேசாமல் தரையைப் பார்த்தே பேசினான். நல்ல மேடான இடமாகப் பார்த்துத்தான் வைத்தோம், காய்ந்த மண்ணாகத்தான் இருந்தது, இப்போது பாருங்கள் என்றான்.

கற்குவியல் நின்ற இடத்தில் நின்றது. அதற்கு அந்தப் பக்கத்து ஈரம் மட்டும் கல்லைச் சட்டை செய்யாமல் கீழ்வழியாகக் கடந்து வந்திருந்தது. தைலமரம் வெட்டிய இடத்தில் மண் கறுத்து, நீர் கசிந்து, கோரை முளைவிட்டிருந்தது. அவர் கால்மாட்டில் வசம்பு இரண்டு இலை விட்டிருந்தது. நான் கால் வைத்துப் பார்த்தேன். இறங்கியது. அவர் வழி கேட்கவில்லை. உளை கேட்காமலே வந்திருந்தது.